புகைக்குச் சொல்லும் சாக்குகள்

(செஞ்சியில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்தும், கலியாணச் செலவைச் சுருக்குவதைக் குறித்தும் இம்மேடையில் பலமுறை பேசியிருக்கின்றோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறிது என்று சிலருக்குத் தோன்றலாம். பீடி, சிகரெட்டு, சுருட்டு ஆகியவற்றை விட்டொழிப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். நம் காரியதரிசி அவர்கள் இதனை அறிவித்தபோது, "அஃது அவரவர் சொந்த வழக்கம், சங்கத்திற்கு அதில் என்ன வேலை?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். அவ்வினாவிற்கும் விடை கூறவேண்டியே எழுந்து நிற்கின்றோம்.

பிறர்க்குப் புத்தி சொல்லுமுன் எம் கதையைச் சொல்லிவிடுதல் முறை. யாம் இருபத்தெட்டு ஆண்டு பீடி பிடித்தோம். பதினேழாம் பிராயத்தில், கோட்டை மதிலின் நிழலில், எம் தமையனார் தம் வாயிலிருந்த பீடியை எடுத்து எம் கையிற் கொடுத்தார். அன்பினால் கொடுத்தார்; தீங்கு நினைத்தாரல்லர். அவர் ஐம்பத்து மூன்றாம் பிராயத்தில் மார்பு நோயால் மாண்டார். கடைசி எட்டு மாதம் படுத்துறங்க இயலாமல், திண்ணையில் தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேற் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார். அவர் உடலை எடுத்த அன்றும், அவ்வீட்டு வாயிலில் வந்தவர்க்கெல்லாம் தாம்பாளத்தில் வைத்துப் பீடிக்கட்டு நீட்டப்பட்டது. நீட்டிய கை எம் கை. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்த வாயும் எம் வாய். அதன் பின்னரும் நான்கு ஆண்டு யாம் அதனை விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்று எண்ணிப் பார்த்தால், எம்மிடம் இருந்தவை காரணங்கள் அல்ல, சாக்குகளே என்று தெளிவாகின்றது.

நிற்க. இத்தீங்கு எங்கோ அயல்நாட்டில் கண்டறிந்தது என்று எண்ணுவோர் உளர். அன்பர்களே, அதனைக் கணக்கெடுத்த பேராராய்ச்சிகளுள் ஒன்று நம் மாவட்டத்திலேயே நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்து நாட்டுப்புறத்திலும் இறந்துபட்ட 43,000 ஆடவர்களின் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்கள் புகைத்தவரா அல்லரா என்று கேட்டறிந்து, உயிரோடிருந்த 35,000 ஆடவர்களோடு ஒப்பிட்டனர். டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் செய்த அவ்வாராய்ச்சி 2003-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. அம்மாண்டவருள் 16,000 பேர் நாட்டுப்புறத்தார்.

அவர்கள் கண்ட முடிவுகளுள் சிலவற்றைக் கேளுங்கள். 25 முதல் 69 வயதுக்குட்பட்ட நகரத்து ஆடவருள், புகைத்தவர் நோயால் மாண்ட வீதம் புகையாதவரைப்போல் இருமடங்கு. காசநோயால் மாண்ட வீதமோ நான்கரை மடங்கு. நம் நாட்டில் காசநோயால் மாளும் ஆடவருள் பாதிப்பேரின் சாவுக்குப் புகை ஒரு காரணம் என்றும், பீடியோ சிகரெட்டோ புகைப்போருள் நால்வரில் ஒருவரை 69 வயதுக்குள்ளேயே அது கொல்லும் என்றும், அங்ஙனம் மாள்வோர் ஏறத்தாழ 20 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர் என்றும் கணித்தனர். இருபது ஆண்டு என்றால் என்ன? மகள் கலியாணம், மகன் உத்தியோகம், பேரன் பேர்த்திகள் எல்லாம் அதற்குள் அடங்கியவை.

இவ்வளவும் அறிந்த பின்னும் விடாதது ஏன்? "அதன் பிடி அவ்வளவு வலிது" என்பர். நம் ஊர்க் கோட்டையைக் கொண்டே இதற்கு விடை கூறுவோம். ஔரங்கசீப்பின் படைத்தலைவனாகிய சுல்பிகார்கான் 1690-இல் இக்கோட்டையை முற்றுகையிட்டான். 1698-இல் தான் அது வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டு! இராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் எளிதிற் கொள்ளத்தக்கன அல்ல என்பது மெய்யே. ஆயினும் அப்படையோடு உடனிருந்த பீம்சேன் என்பாரும், பின்வந்த சரித்திராசிரியர் பலரும், அத்தலைவனுக்குக் கோட்டையைப் பிடிக்கும் மனமில்லாமையே காலம் நீண்டதற்குக் காரணம் என்று எழுதியிருக்கின்றனர். மதிலின் வலிமை பாதி. முற்றுகையிட்டவனின் மனமின்மை பாதி. புகையை விட முயல்வோரின் நிலையும் இதுவே. சாக்குகள் நம்மிடம் உள்ளவரை நாம் முற்றுகையிடுவதாகப் பேர்பண்ணிக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருக்கின்றோம். ஆதலின் அச்சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

"நம் முன்னோர் செய்ததுதானே" என்பது முதற் சாக்கு. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-இல் கொலம்பசு கடல்கடந்து சென்ற பின்னரே பிற நாட்டார் அதனை அறிந்தனர். போர்த்துகேசியர் வழியாக அது நம் நாட்டை அடைந்தது. ஆனந்தக்கோன் இம்மலையில் முதல் அரணை எழுப்பினான் என்று வழங்கும் காலத்தில், இந்நாட்டில் ஒரு புகையிலைச் செடியும் இல்லை. வள்ளுவர் கள்ளையும் சூதையும் கடிந்தார். புகையிலையைக் கடியாதது அவர் காலத்தில் அஃது ஈண்டு இல்லாமையாலேயே.

"பீடி வெறும் இலைதானே, சிகரெட்டுதான் கெடுதல்" என்பது இரண்டாவது. மேலே உள்ளது இலைதான். உள்ளே உள்ளது புகையிலை. அதன் அளவு குறைவாயினும், பீடி அணைந்துபோகாதிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கின்றது. அதனால் நஞ்சு குறைவதில்லை. முன்கூறிய ஆராய்ச்சியும் பீடியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுவிக்கவில்லை. புகையை விட்டு, வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறியவர்கள் "விட்டுவிட்டேன்" என்று சொல்வதும் இவ்வகைச் சாக்கே. நுரையீரலை விட்டு வாய்க்கும் தொண்டைக்கும் புற்றை அழைப்பது விடுதல் ஆகாது.

"எங்கள் பாட்டனார் தொண்ணூறு வரை சுருட்டுப் பிடித்தார்" என்பது மூன்றாவது. அவர் இருந்தார், நாம் மறுக்கவில்லை. அவரோடு சுருட்டுப் பிடித்து ஐம்பதில் மாண்ட அவருடைய தோழர்கள் எத்தனை பேர்? அவர்கள் வந்து சாட்சி சொல்ல இயலாது. பிழைத்தவனை மட்டும் எண்ணி, மாண்டவரை எண்ணாத கணக்கு கணக்காகாது.

நான்காவதைச் சபையிற் சொல்லச் சிலர் கூசுவர், யாம் கூசவில்லை. "ஒன்று பிடித்தாலன்றிக் காலைக்கடன் கழிவதில்லை" என்பது அது. இஃது எம் சொந்தச் சாக்கு. இருபது ஆண்டு இதனைச் சொல்லியிருக்கின்றோம். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் குடலைத் தூண்டுவது உண்மையே. அதனை விட்டால் சில நாள் மலச்சிக்கல் உண்டாவதும் உண்மையே. ஆனால் அது சிலவாரத் தொல்லை. எழுந்தவுடன் இரண்டு செம்பு வெந்நீர், இரவில் வாழைப்பழம், உணவில் கீரை, காலையில் அரைமணி நடை இவற்றால் எமக்கு மூன்றாம் வாரத்தில் சரியாயிற்று. குடலுக்கு ஒரு தடியடி கொடுத்து எழுப்புவதற்காக நுரையீரலைக் கொளுத்துவது எவ்வூர் வைத்தியம்?

"கவலைக்கும் வேலைக்கும் இதுவே துணை" என்பது ஐந்தாவது. இதில் ஒரு சூழ்ச்சி இருக்கின்றது. இழுத்த புகை சில நொடிகளில் மூளையை எட்டுகின்றது. இரண்டொரு மணி நேரத்தில் அதன் அளவு குறைய, உடம்பு மீண்டும் அதனைக் கேட்கின்றது. எரிச்சலும் நிலைகொள்ளாமையும் தோன்றுகின்றன. அடுத்த பீடி அவ்வெரிச்சலை ஆற்றுகின்றது. நாமோ அது கவலையை ஆற்றியதாக நினைக்கின்றோம். கடன் கொடுத்தவனே வட்டிக்கும் கடன் கொடுத்து உபகாரி என்று பெயர் வாங்குவது போன்றது இது. புகையை விட்டவர்க்குச் சில வாரத்தின்பின் மனக்கலக்கம் முன்னிலும் குறைந்திருப்பதாகவே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

"நாளைக்கு ஒரு கட்டுப் பிடித்தவன், இப்போது ஒன்றிரண்டுதான்" என்பது ஆறாவது. குறைத்தல், விடுவதற்கு வழியாயின் நன்று. அதுவே முடிவாயின் போதாது. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட்டுப் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு நேரும் மிகையான இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு என்று 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகின்றது. இருபதில் ஒரு பங்கு பிடித்தால் தீமையும் இருபதில் ஒரு பங்கே என்று இதயம் கணக்குப் போடுவதில்லை.

"வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்பது ஏழாவது. இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் இதனை உற்றுக் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் 1951 முதல் ஐம்பது ஆண்டு 34,439 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். புகையை 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டும், 50-இல் விட்டவர் 6 ஆண்டும், 40-இல் விட்டவர் 9 ஆண்டும், 30-இல் விட்டவர் 10 ஆண்டும் ஆயுளைக் காப்பாற்றிக்கொண்டனர் என்று 2004-இல் அறிவித்தனர். அறுபதில் மூன்று ஆண்டு இலாபம் சிறிதா? விட்ட ஓர் ஆண்டில், புகைப்பவர்க்குள்ள மிகையான இதயநோய் அபாயம் பாதியாகக் குறைகின்றது. வயலில் மாட்டைக் கண்டவன், பாதி மேய்ந்துவிட்டதே என்று மீதியையும் மேயவிடுவானோ?

"தை பிறக்கட்டும்", "மகள் கலியாணம் முடியட்டும்", "அறுவடை ஆகட்டும்" என்பது எட்டாவது. தை பிறக்கும், கலியாணம் முடியும், அறுவடையும் ஆகும். அப்போது வேறொரு சாக்குப் பிறந்திருக்கும்.

"முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை" என்பது ஒன்பதாவது. சாக்குகளுள் இதுவே பெரியது, இரங்கத்தக்கதும் இதுவே. அன்பர்களே, உங்களால் முடியும் என்பதற்கு யாம் காட்டும் சான்று உங்கள் கழுத்திலேயே இருந்தது. கார்த்திகை முதல் நாள் நம்மவருள் எத்தனை பேர் சபரிமலைக்கு மாலை அணிகின்றனர்! நாளைக்கு இரண்டு கட்டுப் பிடிப்பவர் அன்று காலை முதல் ஒன்றையும் தொடுவதில்லை. ஒரு மண்டலம் அப்படியே இருக்கின்றார். வேலைக்குப் போகின்றார், கவலைப்படுகின்றார், காலைக்கடனும் கழிக்கின்றார். பெட்டிக்கடை வாயிலில் நண்பர் நீட்டினாலும், "சாமி, மாலை போட்டிருக்கிறேன்" என்கின்றார். நீட்டியவரும் கைகூப்பிப் பின்வாங்குகின்றார். பின்பு மலைக்குச் சென்று திரும்பி, மாலையைக் கழற்றிய கையோடு தீப்பெட்டியைத் தேடுகின்றார்.

இதனைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். புகையை விட்டவர்க்கு உடம்பின் தவிப்பு முதல் மூன்று நாளில் மிகுதி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடுகின்றது. அங்ஙனமாயின் மாலையைக் கழற்றும் நாளில் கடினமான வழி முழுவதையும் அவர் கடந்து முடித்தவர். அன்று அவரைப் பற்றவைக்கச் செய்வது உடம்பன்று. "மாலை கழற்றும்வரைதான்" என்று முதல் நாளே தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட அனுமதியே. கோட்டையைப் பிடித்து, கொடியும் ஏற்றி, சாவியைப் பகைவனிடமே கொடுத்துவிட்டு இறங்கி வருகின்றார். அடுத்த கார்த்திகையில் மாலை அணிவோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே: மாலையைக் கழற்றுங்கள்; விரதத்தில் இந்த ஒன்றை மட்டும் கழற்றாதீர்கள். மாலை அணியும் வழக்கமில்லாதோர் தம் குலதெய்வத்தின் முன்போ, தம் தாயின் முன்போ ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம்.

யாம் விட்டதும் இம்முறையிலேதான். சித்திரையில் கமலக்கண்ணி அம்மன் திருவிழாவிற்கு இராஜகிரியில் ஏறினோம். எம் பேர்த்தி ஏழு வயதுச் சிறுமி முன்னே ஓடினாள். யாமோ பாதி வழியில் மூச்சிரைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டோம். அவள் இறங்கி வந்து, "பெரிய தாத்தா மாதிரி இரைக்கிறீங்களே, தாத்தா" என்றாள். பெரிய தாத்தா என்றது மாண்ட எம் தமையனாரை. அன்று சட்டைப்பையிலிருந்த கட்டை அப்படியே அகழியில் எறிந்தோம். அதன் பின்னரும் இருமுறை தவறினோம், ஒளிக்கவில்லை. ஆயினும் தவறியதையே மற்றொரு சாக்காக ஆக்கிக்கொள்ளவில்லை. பலமுறை முயன்றே பெரும்பாலார் வெல்கின்றனர்; விழுந்தது தோல்வியன்று, விழுந்த இடத்தில் பாய் விரிப்பதே தோல்வி. மூன்றாம் ஆண்டுத் திருவிழாவில் அம்மன் சந்நிதி வரை நில்லாமல் ஏறினோம்.

விட விரும்புவோர் செய்யவேண்டியவை சிலவே. நாளைக் குறியுங்கள், வீட்டார்க்கு அறிவியுங்கள். வீட்டிலும் வண்டியிலும் பீடி, தீப்பெட்டி, சாம்பற்கிண்ணம் ஒன்றும் இருக்கலாகாது. வேட்கை எழும்போது அஃது ஒரு சில நிமிடமே நிற்கும் என்று அறிந்து, தண்ணீர் குடித்தோ, ஏலக்காயோ சுக்கோ வாயிலிட்டோ, எழுந்து நடந்தோ அந்நேரத்தைக் கடத்துங்கள். காப்பிக்கடையோடு பீடி சேர்ந்த வழக்கமாயின், சில வாரம் காப்பியை வீட்டிலேயே குடியுங்கள். தவிப்பு மிகுமாயின் நிக்கோட்டின் மெல்பசை முதலிய மருந்துகள் உண்டு. மருத்துவரைக் கேட்டுக் கொள்ளலாம். 1800 11 2356 என்ற அரசாங்கத்தின் தொலைபேசி எண்ணில், காசின்றி, விடும்வழி சொல்வோர் இருக்கின்றனர். 2018 முதல் பீடி, சிகரெட்டுக் கட்டுகளின் மேலேயே அவ்வெண் அச்சாகி வருகின்றது. நாம் படத்தை மறைத்துப் பிடித்துப் பழகியதால் எண்ணைக் கவனித்ததில்லை.

இனிப் பத்தாவது சாக்கிற்கு வருவோம். "நீட்டியதை மறுத்தால் மரியாதையாகுமா?" என்பது அது. பெரியவர் கேட்ட வினாவிற்கு விடையும் இங்கேதான் இருக்கின்றது. கலியாணத்தில் சம்பந்தி வீட்டார்க்குச் சிகரெட்டுப் பெட்டி வைக்காவிட்டால் குறை. சாவு வீட்டில் பீடிக்கட்டு வைக்காவிட்டால் குறை. பஞ்சாயத்துக் கூடினால் தாம்பூலத் தட்டில் அதுவும் இல்லாவிட்டால் குறை. இக்குறைகளை வகுத்தவர் யார்? நாம். அங்ஙனமாயின் இது தனி மனிதர் வழக்கம் என்று எவ்வாறு சொல்வது? ஒருவர் தனித்து விட முயல்கின்றார். குலமே கூடி, தாம்பாளத்தில் வைத்து, அவர் முன் நீட்டுகின்றது! எம் தமையனார் சாவன்று யாம் நீட்டிய தட்டிலிருந்து எத்தனை இளைஞர் முதல் பீடியை எடுத்தனரோ, அறியோம். அவ்வெண்ணம் எம்மை இன்றும் உறுத்துகின்றது.

"என் உடம்பு, என் காசு" என்பார்க்கும் ஒரு வார்த்தை. வீட்டினுள் விட்ட புகையை மனைவியும் மக்களும் சுவாசிக்கின்றனர். அவர்கள் நுரையீரலைக் கேட்டா விடுகின்றோம்? நாளொன்றுக்கு 30 ரூபாய் புகைக்குச் செலவிடும் குடும்பம் ஓராண்டில் 10,950 ரூபாயைக் கொளுத்துகின்றது. நம் கல்வி நிதிக்கு நூறு ரூபாய் கேட்டுச் சென்றபோது கையை விரித்த வீடுகளும் அவற்றுள் உண்டு, குறைகூறவில்லை, நினைவூட்டுகின்றோம்.

ஆதலின் இச்சபையின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கின்றோம். முதலாவது: நம்மவர் இல்லத்துக் கலியாணத்திலும் சாவிலும் கருமாதியிலும் பீடி, சிகரெட்டு, புகையிலை வைத்தல் கூடாது, வையாதது குறையாகாது என்று சங்கமே அறிவிக்கவேண்டும். இரண்டாவது: சிறுவரைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்கிவரச் சொல்லுதல் கூடாது. 18 வயது நிரம்பாதவர்க்கு அதனை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சாவிட்டாலும் பேரனுக்கு அஞ்சுவோமாக. மூன்றாவது: விட்டு ஓர் ஆண்டு நிறைந்தவர்களை ஆண்டுவிழா மேடையில் அழைத்து மாலையிடவேண்டும்.

தாய்மார்களே! வைது பயனில்லை, வைவதும் அவர்க்கு ஒரு சாக்காகிவிடும். முதல் வாரத்து எரிச்சலைப் பொறுத்து, பசிக்கு நல்லுணவு இட்டு, துணைநில்லுங்கள். இளைஞர்களே! தொடாதவனுக்கு விடும் துன்பமே இல்லை.

பெரியோர்களே! இக்கோட்டை எட்டு ஆண்டு நின்றது, கொள்வார்க்கு மனமில்லாமையால். நம் கையிலுள்ள கோட்டைக்கு அத்தனை காலம் வேண்டா. ஒரு மண்டலம் போதும். எம் தமையனார்க்கு இவ்வார்த்தைகளைச் சொல்ல எமக்கு அன்று அறிவில்லை. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டோம். இந்த அவையில் ஒருவரேனும் இன்று வீடு திரும்பும் வழியில் பெட்டிக்கடையைக் கடந்து நில்லாமற் செல்வாராயின், யாம் பேசியது வீண்போகவில்லை.